ரோனா கப்பலும் நம் குடும்பப் பெட்டிகளும்

மலேயாவுக்குக் கப்பலேறிச் சென்று ஊர் திரும்பிய நம் முன்னோர், திண்ணையில் அமர்ந்து பழங்கதை பேசுங்கால் இரண்டு கப்பல்களின் பெயர்கள் அவர்கள் வாயில் அடிக்கடி வரும். ஒன்று ரஜூலா; மற்றொன்று ரோனா. இரண்டும் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியார் 1926ஆம் ஆண்டில் கட்டுவித்த உடன்பிறப்புக் கப்பல்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளுக்கிடையே ஓடுவதற்கென்றே அவை கட்டப்பட்டன. ரஜூலாவை அறிந்தோர் பலர். அது 1973 வரை சென்னைத் துறைமுகத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பின்னர் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, மறு ஆண்டே உடைக்கப்பட்டது. ரோனா என்னவாயிற்று என்று கேட்டாலோ, “சண்டையில் போயிற்று” என்பதோடு பெரியோர் பேச்சு முடிந்துவிடும்.

சண்டையில் எவ்வாறு போயிற்று, அதனோடு மாண்டவர் யார், பிழைத்தவர் யார், அவர்கள் கதை ஏன் நெடுங்காலம் வெளிவரவில்லை, பின்பு யாரால் வெளிவந்தது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதுகின்றோம். மூழ்கிய கப்பல் நம் பாட்டன்மார் ஏறிய கப்பல். அதில் மூழ்கியவர்களோ பெரும்பாலும் அமெரிக்கர்கள். ஒரு கப்பலுக்கு இரண்டு வகைப் பயணிகள் இருந்தனர். ஒரு வகையினரின் பெயர்களை அவர்தம் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் தேடி எடுத்துவிட்டனர். மற்றவர் பெயர்கள் இன்னும் நம் வீட்டுப் பெட்டிகளிலேயே கிடக்கின்றன.

நம்மவர் ஏறிய கப்பல்

செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளின் நிலைமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எவ்வாறிருந்தது என்பதற்கு அக்காலத்துக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் அரசாங்கத்துக்கு அனுப்பிய அறிக்கையே போதுமான சான்று. குடியிருக்கும் மனைகூடத் தனக்குச் சொந்தமில்லை. தரிசு நிலத்துக்கு மனுக் கொடுத்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை. வாங்கிய சிறு கடனுக்குத் தலைமுறை தலைமுறையாய்ப் படியாள் வேலை. 1892இல் பிறந்த பஞ்சமி நில ஆணைக்கு அவ்வறிக்கை காரணமாயிற்று என்பதை நம் சங்கக் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆணை வந்தும் நிலம் வராத ஊர்களிலிருந்து மக்கள் கப்பலை நோக்கி நடந்தனர். வாலாஜாபாத்துக்கு அருகில் பாலாறு இருக்கிறது. ஆற்றுப் பாசனத்திலும் ஏரிப் பாசனத்திலும் விளைந்த நெல்லை அறுத்தவர்களே அதற்கு உரிமையில்லாதவர்களாய் இருந்தனர்.

மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்தவர். தம் ஊருக்கே திரும்பி வந்து உறவின்முறையிலும் பக்கத்துச் சேரிகளிலும் ஆள் பிடிப்பார். ஆட்கள் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் ரயிலேறி ஆவடிக்கு அழைத்துச் செல்லப்படுவர். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் குடியேறுவோர் தங்கும் முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனை, அம்மைப்பால் குத்துதல், பெயர்ப் பதிவு எல்லாம் முடிந்தபின் கப்பல். கட்டணத்தைத் தோட்ட முதலாளிகளிடம் வரி தண்டிச் சேர்த்த குடியேற்ற நிதி செலுத்தியது. மலேயாத் தோட்டங்களில் பணிபுரிந்த தமிழருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நம் மக்கள் என்பது வரலாற்றாசிரியர் ஒப்பும் கணக்கு. பெரியார் 1929 டிசம்பரில் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியதும் இதே வழியில்தான். தோட்டத்துத் தொழிலாளர் அவரைக் காணத் திரண்டதற்கு அவர் பேசிய கருத்துகளோடு, ஊரிலிருந்து வந்த மனிதர் என்னும் பாசமும் ஒரு காரணமாய் இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம்.

நம் மக்களுக்கு அறைச்சீட்டு இல்லை. திறந்த தளத்தில் பாய் விரித்து, பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு செல்ல வேண்டும். ரஜூலாவும் ரோனாவும் தளப்பயணிகளாக ஐயாயிரம் பேர்வரை ஏற்றிக்கொள்ள அனுமதி பெற்றவை. எட்டாயிரத்துச் சொச்சம் டன் எடையுள்ள கப்பலில் ஐயாயிரம் மக்கள் என்றால் நெருக்கடி எவ்வளவு என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்கட்டும். எனினும் ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் ஒரே தெருவில் நடக்க முடியாதவர்கள் கப்பல் தளத்தில் ஒரே பலகையில் அருகருகே படுத்தனர். திரும்பி வந்தவர்கள் இதனைத் தனி மகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. பினாங்கு அருகே ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் வைக்கப்பட்ட நாட்களை அவர்கள் அவ்வாறு மகிழ்ந்து சொன்னதில்லை.

1938இல் இந்திய அரசாங்கம், உதவிப் பணம் பெற்று மலேயாவுக்குத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே உலகப்போர் மூண்டது. ரோனா படைவீரர்களை ஏற்றும் கப்பலாக மாற்றப்பட்டது.

1943 நவம்பர் 26

அன்று ரோனா மத்தியதரைக் கடலில், அல்ஜீரியக் கரைக்கு வடக்கே, கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஒரு கப்பல் அணிவகுப்பில் இருந்தது. அதில் ஏறத்தாழ 1,980 அமெரிக்கப் படைவீரர்கள் இருந்தனர். அவர்கள் வந்துகொண்டிருந்த இடம் நம் நாடு. சூயஸ் வழியாகப் பம்பாய். அங்கிருந்து பர்மா, சீனப் போர்முனைக்கான பணிகள். அவர்களுள் ஒரு பெரும் பகுதியினர் விமான தளம் அமைக்கும் பொறியியல் படையினர். கப்பலை ஓட்டியவர்கள் சில பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய அதிகாரிகளும், பெருந்தொகையான இந்திய மாலுமிகளும். ஆங்கிலேயர் இவர்களை லஸ்கர் என்றனர். நம் துறைமுகப் பேச்சில் கலாசிகள்.

மாலையில் ஜெர்மானிய விமானங்கள் தாக்கின. ஹைன்கெல் 177 வகை விமானம் ஒன்று புதுவகைக் குண்டொன்றை ஏவியது. அது இறக்கை உடைய குண்டு. பின்புறம் தீயுமிழ்ந்து பறப்பது. விமானத்தில் இருப்பவன் வானொலி அலையால் திசை திருப்பிக் குறி வைப்பது. இன்று ஏவுகணை என்று நாம் சொல்லும் கருவியின் முன்னோடி அது. கப்பலின் இடப்புறத்தில் பாய்ந்து உள்ளே வெடித்தது. இயந்திர அறை வெள்ளத்தில் மூழ்கிற்று, மின்சாரம் நின்றது, தளங்களுக்கிடையே இருந்த ஏணிகள் சிதறின. இருந்த 22 உயிர்ப்படகுகளுள் எட்டு மட்டுமே நீரில் இறங்கின. அவற்றிலும் சில கவிழ்ந்தன. படகுகளைத் தொங்கவிடும் இரும்புக் கைகள் துருவேறி, துருவின்மேல் வண்ணம் பூசி இறுகிக் கிடந்தன என்று பிழைத்தவர் பலர் சாட்சி சொல்லியிருக்கின்றனர். கடல் அன்று கொந்தளிப்பாய் இருந்தது. வீரர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தவை இடுப்பில் கட்டும் காற்றுப் பட்டைகள். அவை இடுப்பை உயர்த்தித் தலையை நீருக்குள் தள்ளிவிட்டன. ஒன்றரை மணி நேரத்துக்குள் கப்பல் மறைந்தது, இருளும் வந்தது. பயனியர் என்னும் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இரவெல்லாம் தேடி 606 பேரைத் தூக்கிக் காத்தது. வேறு சில கப்பல்களும் சிலரை மீட்டன.

மாண்ட அமெரிக்க வீரர் 1,015. மீட்கப்பட்ட பின்பு காயத்தால் இறந்தவர் மேலும் முப்பதுக்கு மேற்பட்டோர். கடற்பயணத்தில் இருந்த அமெரிக்கப் படையினர் எதிரியின் ஒரே தாக்குதலில் இத்துணைப் பேர் மாண்டது அதற்கு முன்னும் பின்னும் இல்லை. கப்பற் பணியாளர்களுள் அதிகாரிகள் ஐவரும் மாலுமிகள் 117 பேரும் மாண்டனர்.

ஐம்பது ஆண்டு மௌனம்

இத்தகைய பேரழிவு மறுநாளே உலகறிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. வானொலியால் இயங்கும் குண்டு வெற்றி பெற்றது என்பதை எதிரிக்கு உணர்த்தக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் செய்தியை மறைத்தது. பிழைத்தவர்கள் வாய்திறக்கலாகாது என்று எச்சரிக்கப்பட்டனர். குடும்பங்களுக்குச் சென்றது ஒரு தந்தி: உங்கள் மகனைக் காணவில்லை என்று. எந்தக் கப்பல், எந்தக் கடல், எப்படி என்பது ஒன்றும் இல்லை. போர் முடிந்த பின்பும் முழு உண்மை வெளியிடப்படவில்லை. பழைய கோப்புகள் திறக்கப்படப் பல்லாண்டுகள் ஆயின. வாய்மூடப் பழகிய வீரர்கள் மனைவி மக்களிடமும் பேசாமலே முதுமையடைந்தனர்.

இந்த மௌனத்தைக் கலைத்தவர்கள் அரசாங்கத்தாரோ பேராசிரியர்களோ மட்டும் அல்லர், குடும்பத்தாரே முதன்மையானவர்கள். அண்ணன் எங்கே மாண்டான் என்று தெரியாத தம்பி. தந்தையின் முகமறியாத மகள். தாயின் பெட்டியில் பழுப்பேறிய தந்தியைக் கண்டெடுத்த பேரன். ஒருவர் கையில் ஒரு கடிதம். மற்றொருவரிடம் ஒரு படைப்பிரிவின் எண். வேறொருவரிடம் ஒரு புகைப்படம். தனித்தனியே இவற்றுக்குப் பொருளில்லை. பழைய படைவீரர்களின் சங்க இதழ்களில் “ரோனாவில் இருந்தவர் எவரேனும் உண்டோ” என்று விசாரித்து எழுதி, விடை வந்த கடிதங்களை ஒன்றோடொன்று பொருத்தியபோது அன்றைய மாலைப்பொழுது சிறிது சிறிதாகத் துலங்கிற்று. 1993இல், ஐம்பதாம் ஆண்டு நினைவையொட்டிச் சார்லஸ் ஆஸ்குட் என்னும் வானொலி அறிவிப்பாளர் இச்செய்தியை அமெரிக்கா முழுவதும் ஒலிபரப்பினார். கேட்ட முதியோர் பலர் முதன்முறையாகப் பேசத் தொடங்கினர். பிழைத்தோர் கூடினர், சங்கம் கண்டனர். 1996இல் அலபாமா மாநிலத்து ஃபோர்ட் மிட்செல் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் எழுந்தது. 1997இல் பேராசிரியர் கார்ல்டன் ஜாக்சனின் நூல் வெளிவந்தது. 1999இல் ஜேம்ஸ் பென்னட் ஒரு நூல் எழுதினார். அவர் உடன்பிறந்தவர் ரோனாவில் மாண்டவர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரசு அவ்வீரர்களுக்குத் தீர்மான வாயிலாக மரியாதை செலுத்தியது.

இது பணம் படைத்தோர் செய்த காரியம் என்று ஒதுக்கிவிடலாகாது. முதலில் எழுதியவர்கள் தபால் தலைக்கு மேல் செலவு செய்யாதவர்கள்.

கலாசிகள்மேல் வந்த பழி

பிழைத்த அமெரிக்கர் சிலரின் வாக்குமூலங்களில் ஒரு குற்றச்சாட்டு வருகின்றது. இந்திய மாலுமிகள் வீரர்களைக் கைவிட்டு முதலில் படகுகளில் இறங்கி ஓடினர் என்பது அது. கண்ணால் கண்டதைச் சொன்னவரைப் பொய்யர் என்று நாம் சொல்ல வரவில்லை. அத்தகைய நேரத்தில் சிலர் அஞ்சி இறங்கியிருக்கக்கூடும். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். கப்பற் பணியாளர் மொத்தம் 195 பேர். மாண்டவர் 122 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 63 ஆகிறது. அமெரிக்க வீரருள் கப்பலோடும் கடலோடும் போனவர் நூற்றுக்கு 51. ஓடித் தப்பியவர்கள் என்று பழி சுமந்த கூட்டமே அதிக விகிதத்தில் மாண்டிருக்கிறது! குண்டு வெடித்த இயந்திர அறையில் வேலை செய்தவர் யார் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. துருப்பிடித்த படகுக் கைகளுக்கும் அவற்றைச் சோதிக்கும் பொறுப்பு கலாசியினுடையது அன்று. சோதித்துக் கையெழுத்திடும் அதிகாரிகள் மேலே இருந்தனர்.

இந்திய மாலுமி வெள்ளை மாலுமியின் கூலியில் மூன்றில் ஒரு பங்கும் சில கப்பல்களில் அதற்குக் குறைவும் பெற்று வந்தான். 1939இல் போர் தொடங்கியவுடன் அவர்கள் பிரிட்டிஷ் துறைமுகங்களில் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்ததும், அதற்காகப் பலர் சிறை சென்றதும் வரலாறு. இவர்களுள் பெரும்பாலோர் சிட்டகாங், சில்ஹெட், கொங்கணம் முதலிய பகுதிகளைச் சார்ந்த ஏழை மக்கள். நம் மாவட்டத்தார் அல்லர். ஆனாலும் அவர்கள்மேல் சுமத்தப்பட்ட பழி நமக்குப் புதியதாகப் படவில்லை. அறுவடை கெட்டால் அறுத்தவனையும், கிணறு இடிந்தால் தோண்டியவனையும் குறைகூறக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

இரண்டாம் உலகப்போரில் உயிர்நீத்த இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் மாலுமிகளுமாக 6,000க்கு மேற்பட்டோரின் பெயர்ப் புத்தகம் மும்பையிலும், அதன் படி சிட்டகாங் போர்க் கல்லறையிலும் வைக்கப்பட்டிருக்கின்றன. பெயர் இருக்கிறது; கதை இல்லை. அமெரிக்க வீரனுக்குத் தம்பி நூல் எழுதினான். சிட்டகாங் மாலுமியின் தம்பிக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்பதற்கு இதழ் எது?

நம் பெட்டிகள்

ரோனா மூழ்கிய அதே ஆண்டில் அதன் பழைய பயணிகள் எங்கிருந்தனர்? மலேயாவில் அகப்பட்டிருந்தனர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதிலிருந்து 1945 வரை ஊருக்குக் கடிதமில்லை, பணமில்லை, கப்பலுமில்லை. தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரம் பேர் காட்டிலே மாண்டனர். மாண்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் தாய்லாந்தில் உள்ளன. நம்மவர்க்கு அங்ஙனம் இல்லை. வாலாஜாபாத்தைச் சுற்றிய சிற்றூர்களில் ‘பினாங்குக்காரர் வீடு’ என்று பெயர் பெற்ற வீடுகளில், போனவர் திரும்பினாரா, ரயில் பாதையில் மாண்டாரா, அங்கேயே குடும்பமானாரா என்று அறியாமலே தாலியறுப்பதா வேண்டாவா என்று தவித்த பெண்கள் இருந்தனர். அமெரிக்கத் தாய்க்காவது ஒரு தந்தி வந்தது.

பெயரைத் தேடுவது நம்மால் இயலாது என்று எண்ண வேண்டா. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை கப்பலேற்றப்பட்டவர் 1,52,000க்கு மேற்பட்டோர். முதற்கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்தே சென்றது. ஒவ்வொருவருக்கும் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம் என்று பதிவுண்டு. செங்கல்பட்டும் வட ஆர்க்காடும் அப்பட்டியல்களில் அடிக்கடி வருகின்றன. ஐந்தாம் தலைமுறையினர் அப்பதிவைக் கையிலேந்தி வந்து தம் ஊரைக் கண்டுபிடித்திருக்கின்றனர். ஆங்கில எழுத்தர் கேட்டபடி எழுதியதால் பெயர்கள் சிதைந்திருக்கும். முனியன் ஒருவனா நூறுவனா என்று மயக்கம் வரும். தகப்பன் பெயரும் கிராமமும் சேர்ந்தால் மயக்கம் தீரும். அவ்விரண்டும் ஆவணக் களரியில் பாதி, வீட்டு நினைவில் பாதி.

எழுதிவைக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்பதும் சரியன்று. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893இலேயே இதழ் நடத்தியவர். கடல் கடந்து ஆப்பிரிக்காவில் பல்லாண்டு பணிபுரிந்து 1921இல் திரும்பியவர். 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைத் தாமே சுருக்கமாக எழுதி வெளியிட்டவர். அவர் எழுதியிராவிடில் அவரைப் பற்றி மற்றவர் எழுதியவை மட்டுமே நமக்கு எஞ்சியிருக்கும்.

ரோனாவிலும் ரஜூலாவிலும் சென்ற தலைமுறை மறைந்துவிட்டது. அவர்தம் மக்கள் எழுபதும் எண்பதும் வயதில் நம்மிடையே இருக்கின்றனர். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு விடியற்காலை பேருந்தில் செல்லும் நம் இளைஞர், விடுமுறை நாளில் அம்முதியோரிடம் ஒரு மணி நேரம் அமர்ந்தால் போதும். போனவர் பெயரும் தகப்பன் பெயரும். எந்த ஆண்டு, அறுவடைக்கு முன்போ பின்போ. ஆவடியிலா நாகையிலா முகாம். கங்காணி எந்த ஊரார். தோட்டத்தின் பெயர், தமிழில் வழங்கிய பெயரும் ஆங்கிலப் பெயரும். உடன் சென்ற பெண்களின் பெயர்கள், இவை பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. சண்டைக்குப் பின் முதற்கடிதம் எப்போது வந்தது. பெட்டியைத் திறந்தால் மணியார்டர் துண்டு, கடித உறை, பினாங்கு நிலையமொன்றில் எடுத்த புகைப்படம், பயணச் சீட்டு என்று எது கிடைப்பினும் எறிந்துவிடாமல், பின்புறத்தில் பென்சிலால் பெயரெழுதிச் சங்கத்து நூலகத்துக்குக் கொண்டுவரலாம். மூலத்தைக் கொடுக்க வேண்டுவதில்லை; படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணி முதல் நூலகம் திறந்திருக்கும். புகைப்படத்தில் இருப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் கொண்டுவருக. அடுத்த தெருவில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும்.